ஒரு கைக் காய்க்கு ஓர் அத்தியாயம்

அன்றைக்குக் கிட்டங்கியில் இருந்தவர்கள்: ராசிங்காபுரத்து அக்கா, தேவாரத்து மதினி, எட்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த பெண், மேஸ்திரி அண்ணன், நான். வாசலில் ஒரு நாயும் படுத்திருந்தது. இந்தக் கதையில் அதற்கு ஒரு சோலியும் இல்லை. ஆனால் நாளைக்கே யாராவது வந்து, "நாயை ஏன் விட்டுட்ட?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு முதலாளி மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் நாங்கள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை வரும். சொளகு என்கிற முறத்தில் கொட்டி, பச்சையும் பருமனுமாக இருப்பதை ஒரு பக்கம், வெளிறியதை ஒரு பக்கம், வெடித்ததை ஒரு பக்கம் என்று ஒதுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் பஸ்சில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், ஏதோ பாயசம் வந்து உட்கார்ந்துவிட்டது போலத் திரும்பிப் பார்ப்பார்.

பேசிக்கொண்டே பொறுக்கினால் சண்டை வருகிறது, பேசாமல் பொறுக்கினால் தூக்கம் வருகிறது என்று, எனக்கு முந்தியே அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. படிக்கத் தெரிந்த ஒருத்தி வாடகைக்கு நாவல் எடுத்து வந்து சத்தமாகப் படிப்பாள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை, தாங்கள் பொறுக்கிய நல்ல காயிலிருந்து அள்ளி அவள் குவியலில் போடுவார்கள். படித்தவளுக்கும் எடை தேறிவிடும். எனக்கு முன்னால் படித்தவள் கல்யாணம் ஆகிக் கம்பத்துக்குப் போனாள். அந்த இடத்துக்கு நான் வந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆறாம் வகுப்பில் பெயிலாகிவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் ஆறாம் வகுப்புக்கே போகவில்லை. ஆனால் எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன்.

நாவல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல உலகத்தில் அதைவிடச் சரியான தராசு கிடையாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பறக்கும் குதிரை வந்தால் கை நிறைய வரும், விரலிடுக்கில் வழியும். பூதம் வந்தால் கை கொஞ்சம் தாராளமாகவே குழியும். ராஜா உட்கார்ந்து மகனுக்கு நீதி சொல்ல ஆரம்பித்தால் மூன்று விரலால் கிள்ளிப் போடுவார்கள். ஒரு தடவை ஒரு முனிவர் அத்தியாயம் முழுக்கப் பேசினார். அன்றைக்கு என் குவியலில் விழுந்தது எல்லாம் வெடித்த காய்.

மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு அப்படியில்லை. எனக்குப் பொறுக்க வராது. கை வரும், மனசு வராது. இந்தக் காய் வெடித்திருக்கிறதா, வெடிக்கப் போகிறதா, நான் நல்லதில் போட்ட பிறகு வெடித்தால் யார் தலையில் விடியும் என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். நான் ஒரு காயைத் தீர்மானிப்பதற்குள் தேவாரத்து மதினி ஒரு சொளகை முடித்துவிடுவாள்.

"ஏத்தா, நீ காய் பொறுக்குறியா, காய்க்கு மாப்பிள்ளை பாக்குறியா?" என்று மேஸ்திரி அண்ணன் கேட்டது என் முதல் வாரத்திலேயே. என் சொந்தக் கையை நம்பினால் வீட்டில் அடுப்பு எரியாது. படிக்கிற இடம் போய்விட்டால் கிட்டங்கியும் போய்விடும்.

அந்த இடத்துக்கு இப்போது ஆள் வந்திருந்தது. எட்டாம் வகுப்புக்காரி. வந்த அன்றே என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, நான் திருப்புவதற்கு முன்னால் பக்கத்தை முடித்துவிட்டாள். என்னைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்றுதான்: அவளுக்குக் குடும்ப நாவல்தான் பிடிக்கும்.

"மாமியா மருமகள விரட்டுறது, மருமக கெணத்துல விழுறது, இதெல்லாம் காசு குடுத்து எதுக்குடி கேக்கணும்?" என்றாள் ராசிங்காபுரத்து அக்கா. "அழ வைக்க எனக்கு வீட்டுல ஆளு இருக்கு. நீ பூதத்தக் கொண்டா."

ஆக, மாயாஜாலம். ஆனால் போன நாவலில்தான் அந்த முனிவர். இன்னொன்றும் சொதப்பினால் பூதமாவது பிசாசாவது, புதுப் பெண்ணே படிக்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். "ஒரே ஒரு புஸ்தகம் பாப்பேன்" என்று விரலைக் காட்டினாள். அந்த விரலை நான் தூக்கத்திலும் பார்த்தேன்.

வாடகை நூல் நிலையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. நிலையம் என்றால் ஒரு தட்டி, இரண்டு அலமாரி. அதே ஆள் வாடகைச் சைக்கிளும் விட்டுக்கொண்டிருந்தார். சைக்கிளைப் பற்றி எது கேட்டாலும் சொல்வார். புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் அழுக்கைப் பார்ப்பார்.

"இதக் கொண்டு போ. இங்க பாரு, சாம்பார்க் கறை. சாப்பிடுறப்பகூட எவனோ கீழ வைக்கல."

"அந்தா சுத்தமா ஒண்ணு இருக்கே அண்ணே?"

"அதத்தான் நானும் சொல்றேன். அது அங்கயே இருக்கட்டும்."

அவர் முறை அவ்வளவு மோசமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கறையை மட்டும் நம்பி ஒரு தடவை எடுத்துப் போனது மாமரம் வளர்ப்பது எப்படி என்ற புத்தகம். அட்டை போயிருந்ததால் தெரியவில்லை. "மாமரம் எப்பப் பூதமா மாறும்?" என்று மதினி இரண்டு பக்கம் வரைக்கும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கென்று ஒரு முறை இருந்தது. அந்த அலமாரியில் பாதிப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் யாரோ ஒருவர் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருப்பார். ஒரே கையெழுத்து, சாய்ந்த எழுத்து. "பாம்பு பறக்கும் வரை பொறுக்கவும்." "மந்திரவாதி நல்லவன். எழுதினவர்தான் சரியில்லை." "ராஜா வாயைத் திறந்தால் நாலு பக்கம் தாண்டவும்." அவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பியதில்லை. முனிவர் புத்தகத்தில் அவர் எதுவும் எழுதவில்லை. நான் அவசரத்தில் கவனிக்காமல் எடுத்து வந்திருந்தேன். யார், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. ஜாதகம் பார்ப்பவரை நம்பாத நான் அந்தப் பென்சிலை நம்பினேன்.

இந்தத் தடவை அலமாரி முழுக்கக் கடைசிப் பக்கமாகவே புரட்டினேன். "ஏம்மா, எல்லாரும் முன்னாலருந்து படிப்பாக, நீ என்ன முதுகச் சொறியிற?" என்றார் கடைக்காரர். நாலாவது வரிசையில் ஒன்று கிடைத்தது. பென்சில் வரி இரண்டே வார்த்தை: "தைரியமாகப் படிக்கலாம்."

எனக்கென்றே எழுதினது போல இருந்தது.

கதை இதுதான். ஒரு மந்திரவாதி ஒரு இளவரசியைக் கல்லாக்கிவிடுகிறான். சும்மா கல் இல்லை, குளத்துப் படிக்கட்டில் ஒரு படி. அந்தக் குளத்துக்கு நூறு படி. ஊர் முழுக்க அவள் மேல் ஏறி இறங்கித் துணி துவைக்கிறது. அவளைத் தேடி ஒரு ராஜகுமாரன் ஏழு மலை தாண்டி மந்திரக் குடத்தில் தண்ணீர் கொண்டு வருகிறான். சரியான படியில் ஊற்றினால் அவள் எழுந்து வருவாள். தப்பான படியில் ஊற்றினால் இவனும் கல்லாகி நூற்றியோராவது படியாகிவிடுவான்.

காய் கொட்டியது. ஏழு மலைக்கும் ஏழு விதமாகக் கொட்டியது. மதினிக்கு மட்டும் ராஜகுமாரனின் வெள்ளை யானையோடு தகராறு. தேவாரத்தில் அவர்கள் வீட்டுக் கரும்பில் அந்த வருஷம் யானை இறங்கியிருந்தது.

"மண்டி போட்டுச்சாம், தும்பிக்கைல பூ குடுத்துச்சாம். எங்க வயக்காட்டுக்கு வரச் சொல்லு அந்த எழுத்தாளர. பூவாக் குடுக்குது? மோட்டார் ரூமு ஓட்டையே பிரிச்சுருச்சு!"

"மதினி, இது மாய யானை."

"மாய யானை சாணி போடாதா?"

இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. ஆனாலும் அவள் போட்ட கை ஒரு நாளும் குறையவில்லை. எட்டாம் வகுப்புக்காரிகூட, படிப்பது கேட்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு, கை நிறையப் போட்டாள். எந்தப் படி என்று அவரவர் ஒரு கட்சி. முதல் படிதான், ஏனென்றால் எல்லாரும் மிதிக்கிறார்கள் என்பது அக்கா. தண்ணிக்குள்ளே இருக்கிற கடைசிப் படி என்பது மதினி. படியை எண்ணாமல் பாசி பிடிக்காத படி எது என்று பார்க்க வேண்டும் என்றாள் எட்டாம் வகுப்புக்காரி. படித்த பெண் என்று அதிலேயே தெரிந்தது.

கடைசி அத்தியாயத்துக்கு முன் அத்தியாயம் இப்படி முடிந்தது: ராஜகுமாரன் படித்துறையில் நின்று குடத்தைத் தூக்குகிறான்.

"நிறுத்து. சாப்புட்டுட்டு வந்து தெம்பாக் கேப்போம்" என்றாள் அக்கா. புத்தகத்தைச் சாக்கு மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்கட்டுக்குச் சாப்பிடப் போனோம்.

சாப்பாட்டில் எனக்கு மனசில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தால் தையல் பிரியுமே, எலி கடிக்குமே, அந்த நாய் தூக்கிக்கொண்டு போகுமே என்று எல்லாக் கவலையும் பட்டேன். மேஸ்திரி அண்ணன் மட்டும் என் கவலைக் கணக்கில் வரவில்லை.

திரும்பி வந்தால் புத்தகம் மெலிந்திருந்தது. கடைசித் தாள்களைக் காணோம்.

அன்றைக்கு ஏலம். ஏலத்துக்குக் காய் போக வேண்டுமென்றால் முதலில் சாம்பிள் போக வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்துப் பொட்டலம் கட்டி அனுப்புவார்கள். வியாபாரிகள் பிரித்துப் பார்த்து, முகர்ந்து, கடித்து விலை கேட்பார்கள். மேஸ்திரி அண்ணனுக்குப் பொட்டலம் கட்டக் காகிதம் தீர்ந்துவிட்டது. ஜீப்பு ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. சாக்கு மேல் ஒரு புத்தகம் கிடந்தது.

"கடைசியில வெறும் விளம்பரம்தான போடுவான்!" என்றார் அவர். "கூந்தல் தைலம், ராசிக்கல்லு மோதிரம். அதத்தான் கிழிச்சேன். கதைய நான் தொடவே இல்ல."

"அதுலதான்யா அவ எந்திரிக்கிறா!" என்றாள் அக்கா.

"எவ?"

"படி!"

மேஸ்திரி அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். காய் வாசம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனால் அக்கா எழுந்து நின்றால் முதலாளியே கொஞ்சம் நகர்ந்து நிற்பார். "வெரசாப் போயிக் கொண்டா" என்றாள் அவள். அண்ணன் சைக்கிளை எடுத்தார்.

சாயங்காலம் ஒரே ஒரு தாளோடு வந்தார். மற்றவை பெரும்பாலும் பிரித்த இடத்திலேயே பறந்துவிட்டன. ஒன்றிரண்டு காயோடு சேர்ந்து பம்பாய் வியாபாரி ஒருவர் பைக்குள் போய்விட்டனவாம். கொண்டுவந்த தாளில் ஒரு பக்கம் கூந்தல் தைலம். "பாத்தீகளா, நான் சொல்லல?" என்றார். மறுபக்கத்தில், வெற்றிலைச் சாற்றுக்கு நடுவே ஒரே ஒரு வரி வாசிக்க முடிந்தது: "'இவ்வளவு நேரமா?' என்று கேட்டாள் இளவரசி."

ஆக, எழுந்துவிட்டாள். எந்தப் படி, எப்படிக் கண்டுபிடித்தான் என்பது பம்பாய்க்குப் போய்விட்டது.

அக்கா தன் குவியலைச் சொளகால் மூடினாள். "நாளைக்கு முடிவு வரணும். இல்லன்னா இந்தப் புஸ்தகமும் முனிவர் புஸ்தகம் மாதிரிதான். நான் சொன்னது சொன்னதுதான்" என்றாள். எட்டாம் வகுப்புக்காரி தலைமுடியைச் சரி செய்துகொண்டாள். அது போதாதா எனக்கு.

மறுநாள் காலையில் கிட்டங்கிக்குப் போவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கடைக்காரரிடம் இன்னொரு பிரதி கிடையாது. கிழிந்த புத்தகத்தைக் காட்ட வேண்டியிருந்ததால் முழு விலையும் கேட்டார். அதற்கு மேஸ்திரி அண்ணன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் பென்சில் ஆளைப் பற்றிக் கேட்டேன். இதைப் படித்தவர் அவர் ஒருத்தர்தானே.

"ஓ, அந்தக் கிறுக்கனா? ஜீப்பு ஓட்டுறவன். மலைக்கு ஆளேத்திட்டுப் போறான் பாரு, இப்பக்கூட ஸ்டாண்டுலதான் நிப்பான்."

ஜீப்பில் ஏற்கெனவே பதினைந்து பேர் ஏறியிருந்தார்கள். இன்னும் நாலு பேர் ஏறாமல் அது மலையேறாது. அந்த நாலு பேர் வருகிற வரைக்கும் டிரைவர் ஸ்டியரிங்கில் புத்தகத்தைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். காதில் பென்சில். சாமியை நேரில் பார்த்தால்கூட இவ்வளவு கூச்சம் வராது.

"அண்ணே, அந்தக் குளத்துப் படி கதை... எந்தப் படிண்ணே அது?"

"நல்ல கதையில்ல?" என்று முகமெல்லாம் சிரித்தார். "அந்த ஆறாவது மலை இருக்குல்ல, அங்க..."

"முடிவுண்ணே. முடிவு மட்டும்."

"முடிவா? அது எனக்கு எப்படித் தங்கச்சி தெரியும்?"

"கடைசிப் பக்கத்துல நீங்கதான எழுதியிருந்தீக, தைரியமாப் படிக்கலாம்னு?"

"எழுதினேன். படிக்கல." காதிலிருந்த பென்சிலை எடுத்து முதுகைச் சொறிந்துகொண்டார். "நான் எதுலயும் கடைசி அத்தியாயம் படிக்கிறதில்ல. எல்லாத்துலயும் ஒரே முடிவுதான. மந்திரவாதி சாவான், கல்யாணம் நடக்கும். அதுக்குள்ள ஆள் ரொம்பிரும், வண்டிய எடுக்கணும். கல்யாணத்துக்காக டீசல் வீணாக்க முடியுமா, சொல்லு?"

இரண்டு வருஷமாக நான் எந்தக் கையெழுத்தை நம்பி என் வீட்டுச் சோற்றை அடகு வைத்தேனோ, அந்தக் கை, நாலாவது ஆளும் ஏறிவிட்டதும், கியரைப் போட்டது. "முடிவு தெரிஞ்சா எனக்கும் சொல்லு!" என்று கத்திக்கொண்டே ஜீப்பு போய்விட்டது.

கிட்டங்கிக்குள் நான் நுழைந்தபோது ஒருத்தியும் காயைத் தொடவில்லை. மேஸ்திரி அண்ணன்கூட மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். "முடிவு கிடைச்சிருச்சு, ஜீப்புக்காரண்ணன் சொன்னாரு" என்று ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்த பிறகுதான் அடுத்த வரி என்ன என்று தேடினேன்.

ராஜகுமாரன் குடத்தைத் தூக்கினான். அதுவரை சரி. தூக்கினவன் ஊற்ற வேண்டியதுதானே? எனக்கு மனசு வரவில்லை. தப்பான படியாக இருந்துவிட்டால்? ஆகையால் குடத்தைக் கீழே வைத்தான். மேலே யானையைக் கட்டினோமா, வெறுமனே விட்டுவிட்டு வந்தோமா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. படியேறிப் போய்ப் பார்த்தான். கட்டித்தான் இருந்தது. இறங்கி வந்தான். குடத்தைத் தூக்கினான். முடிச்சு இறுக்கமாகப் போட்டோமா? மறுபடியும் ஏறினான்.

"ராஜகுமாரன்?" என்றாள் மதினி.

"ராஜகுமாரன்தான் மதினி. யானை அவுத்துக்கிட்டுப் போயி யாரு கரும்புலயாவது இறங்கிருச்சுன்னா?"

"அது சரி" என்றாள் மதினி. முதல் தடவையாக அந்த ஆளை மதித்தாள்.

இறங்கி வந்தான். குடத்தை மூடி வைத்தோமா, தூசி விழுந்திருக்குமோ என்று பார்த்தான். வாளை மேலேயே வைத்துவிட்டோமே என்று ஏறினான். வாள் இடுப்பில்தான் இருந்தது என்று மேலே போன பிறகு தெரிந்து இறங்கினான். எனக்கும் வாய் நிற்கவில்லை. இறக்கிவிட்டால் ஊற்ற வேண்டுமே என்று அவனை ஏற்றிக்கொண்டே இருந்தேன். பொழுது சாயப் போகிறது. அப்போது பாதிப் படிக்கட்டில் அவன் காலுக்குக் கீழே இருந்து ஒரு குரல் கேட்டது: "ஏண்டா மூதேவி, ஊரு பூராவும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவதான் மிதிக்கிறாக. நீ எத்தன தடவடா ஏறி எறங்குவ?"

அந்தப் படியில் ஊற்றினான். எழுந்துவிட்டாள். எழுந்தவள் கேட்ட முதல் கேள்வி: "இவ்வளவு நேரமா?"

மேஸ்திரி அண்ணன் மூட்டையிலிருந்து சரிந்து சிரித்தார். மதினி சிரித்ததில் சொளகு கவிழ்ந்து நல்லதும் வெடித்ததும் கலந்து போனது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏண்டி, இது ஜீப்புக்காரன் சொன்னதா?"

"ஆமாக்கா."

"எந்த ராஜகுமாரிடி மூதேவிங்குறா? எந்த ராஜகுமாரன்டி யானையக் கட்டினோமான்னு திரும்பிப் போயிப் பாப்பான்? நேத்து சாயங்காலம் கிட்டங்கியப் பூட்டினாகளான்னு பஸ்ஸ விட்டு எறங்கி வந்து பாத்தது அவனா, நீயா?"

எட்டாம் வகுப்புக்காரி எழுந்து வந்தாள். புத்தகத்தை வாங்கத்தான் வருகிறாள் என்று கையில் எடுத்து நீட்டிவிட்டேன். அவள் அதைத் தள்ளிவிட்டு என் குவியலில் ஒரு கை போட்டாள். "பாசி பிடிக்காத படியக் காட்டிலும் இது தேவல" என்றாள். மதினி கலந்து போன காயிலேயே இரண்டு கை அள்ளிப் போட்டாள். நான்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அக்கா நிதானமாக மூன்று விரலால் கிள்ளினாள். ராஜாவின் நீதிக்குப் போட்ட அதே அளவு. போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பொறுக்கினாள். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"கல்யாணத்துக்குப் போறப்ப யானைய அவுத்துட்டுப் போனானா, கட்டினபடியே விட்டுட்டானா?"

"அவுத்துட்டுத்தான்க்கா. தண்ணி காட்டிட்டு."

"ம்" என்றாள். இன்னொரு கை வந்து விழுந்தது. முழுக் கை.

அதற்குப் பிறகு நான் கிட்டங்கியை விட்டுப் போகும் வரைக்கும் படிக்கிற இடத்தை யாரும் கேட்கவில்லை. புத்தகத்துக்குத்தான் வழியில்லாமல் போனது. கிழிந்ததற்குப் பணம் வராமல் என் பேருக்கு ஒரு தாள்கூடக் கிடையாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். டிரைவர் அண்ணன்தான் தன் பேரில் எடுத்துக் கொடுத்தார். ஒரு நிபந்தனை: முதலில் அவர் படிப்பார். திருப்பும்போது முடிவை நான் அவருக்குச் சொல்ல வேண்டும், ஆனால் ஆள் ரொம்புவதற்குள். ஒவ்வொரு புத்தகத்திலும் அவர் எழுதும் பென்சில் வரிக்குக் கீழே நான் "முடிவு உட்பட" என்றோ "முடிவு நீங்கலாக" என்றோ எழுதுவேன். அலமாரியில் அடுத்து எதை எடுப்பது என்று தவிக்கிற வேறு யாராவது இருந்திருந்தால் அவர்களுக்குப் பயன்பட்டிருக்கும். சாப்பிடப் போகும்போது புத்தகத்தை மடியில் கட்டிக்கொண்டு போனேன்.

மேஸ்திரி அண்ணன் நாளைக்குத் தருகிறேன் என்றார். சம்பளத்துக்குத் தருகிறேன் என்றார். திருவிழா முடியட்டும் என்றார். ஒரு தடவை எட்டணா கொடுத்துவிட்டு, அந்தக் கூந்தல் தைலப் பக்கத்துக்குக் கழித்துக்கொள்ளச் சொன்னார். கடைசியில் நான்தான் கட்டினேன். போன மாதம் பேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவரிடம் கேட்டேன். "எது, அந்தப் படியா?" என்று சிரித்துவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போனார். எட்டணா போக, அவர் எனக்குத் தர வேண்டியது இன்னும் மூன்று ரூபாய்.